முருங்கை வழக்கை எழுதியது யார்

எங்கள் ஊரில் ஒரு நாடகத்தை எழுதியவர் வருஷத்துக்கு வருஷம் மாறுவார். ஒற்றைப்படை வருஷங்களில் என் தாத்தா எழுதியிருப்பார். இரட்டைப்படை வருஷங்களில் மேலவீட்டுத் தாத்தா எழுதியிருப்பார். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்கிற ஊர். இதையும் அப்படியே முறை வைத்துக்கொண்டார்கள்.

ஊர், காரைக்கால் எல்லைக்கு இந்தப் பக்கம், அரசலாற்றங்கரையில் இருக்கிறது. மே மாதத்தில் மாதா கோயில் திருவிழா. தேர் முடிந்த மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்குக் கோயில் மைதானத்தில் ‘முருங்கை வழக்கு’ என்கிற சிரிப்பு நாடகம் போடுவார்கள். அரை மணி நேரம்தான். ஒருவர் கொல்லையில் நிற்கிற முருங்கை மரம் பக்கத்துக் கொல்லைக்குள் சாய்ந்துவிடுகிறது. அந்தப் பக்கம் காய்க்கிற காய் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்காரர்களும் நீதிபதியிடம் போகிறார்கள். நீதிபதி மரத்தை நேரில் பார்க்க வருகிறார். வரும்போது தன் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். விசாரித்து முடிப்பதற்குள் மரத்தில் ஒரு காய் மிச்சமில்லை. காயே இல்லாததால் வழக்கு தள்ளுபடி.

நாடகம் தொடங்குமுன் எழுதியவர் வீட்டுக்கு மரியாதை உண்டு. அந்த வருஷம் யார் முறையோ அந்த வீட்டு மூத்தவருக்கு மாலை போட்டு, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள்.

மேலவீட்டுக்காரர்களுக்கு மாலை ஒரு விஷயமே இல்லை. அவர்கள் தாத்தா உபதேசியார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர், நிலமும் வைத்திருந்தவர். திருவிழா, பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கு, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று அந்த வீட்டில் யார் கழுத்திலாவது ஒரு மாலை கிடக்கும். என் தாத்தா அவர்கள் நிலத்தில் பண்ணையாள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வாழ்க்கையில் இரண்டே இடத்தில் மாலை விழுந்தது. ஒன்று கல்யாணத்தில். அதுவும் வாடிய மாலை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொன்று இந்த நாடகத்தில்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்து உழுகிறார். ஆனால் ஒற்றைப்படை வருஷம் பிறந்தால், சித்திரையிலேயே வெள்ளைச் சட்டையை எடுத்து நீலம் போட்டு வைத்துவிடுவார்.

போன வருஷம் புதிதாக வந்த பங்குச்சாமியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாடகத்தைப் புத்தகமாகப் போட வேண்டும். சாமியார் சின்ன வயசு, நல்லவர், சுறுசுறுப்பானவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஊருக்கு ஆபத்து.

“அட்டையில எழுதினவர் பேரு போடணும்ல? அது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்,” என்றார் என்னிடம்.

“ரெண்டு பேரையும் போட்டுடுங்களேன், சாமி.”

“ரெண்டு வீட்டுலயும் கேட்டுட்டேன். ‘ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினாங்க’ன்னு போட்டா ரெண்டு வீடும் ஒத்துக்காதாம். முறை மாத்தி முறை மாலை போடலாம். அட்டையை மாத்தி மாத்தி அச்சடிக்க முடியுமா?”

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நான் முனைவர் பட்டம் வாங்கியிருப்பது. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று எவனோ சொல்லி அனுப்பிய பிள்ளைகள்தான் என் மாணவர்கள். போன செமஸ்டரில் ஒருத்தி, “மிஸ், பிரெஞ்சைத் தமிழ்ல எழுதினா பாதி மார்க்காவது போடுவீங்களா?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று வரவில்லை, களைப்பாக இருந்தது.

ஒரு கட்சிக்காரர் மகளையே விசாரணைக்குப் போடுகிறார்களே, மேலவீட்டில் சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேலவீட்டு மூத்தவர் எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த வாத்தியார். “அவ விசாரிக்கட்டும். எங்கிட்ட கணக்குப் படிச்சவ, தப்பா விடை போட மாட்டா,” என்று சொல்லிவிட்டார். உண்மையில் கணக்கில் அவர் என்னை இரண்டு முறை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார்.

அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “விசாரி. சீக்கிரம் விசாரி.”

நாடகம் எழுதிய நோட்டு மேலவீட்டுப் பெட்டியில் இருந்தது. முதல் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. எழுதியவர் பேர் இருக்க வேண்டிய இடத்தைத்தான் எங்கள் ஊர்க் கரையானும் தேடிப் பிடித்திருக்கிறது. எடுத்துப்போக சார் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

எல்லாரும் அறிந்த ஒரு விசித்திரம் அந்த நோட்டில் இருக்கிறது. நீதிபதி முருங்கைக்காயைப் பறித்துக் கடிக்கிறார். ‘சாறு தாடியில் வழிகிறது’ என்று எழுதியிருக்கிறது. பச்சை முருங்கைக்காயைக் கடித்தால் பல்தான் ஆடும், சாறு எங்கே வழியும்? எழுதியது எழுதியதுதான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கும் வழி செய்துவைத்திருக்கிறார்கள். நீதிபதியாக நடிப்பவர் மடியில் ஒரு சொம்பு ரசம் இருக்கும். காயைக் கடித்ததும் திரும்பி நின்று தாடியில் ஊற்றிக்கொள்வார். பெருங்காயம் தூக்கலாகப் போட்ட ரசம், மூன்றாவது வரிசை வரைக்கும் மணக்கும். ஏன் ரசம் என்று கேட்டால், “அப்படித்தான் எழுதியிருக்கு” என்பார்கள்.

நான் விசாரித்துக் கண்டுபிடித்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயார் செய்ய, சுலபமான பழைய பிரெஞ்சு நாடகம் ஏதாவது கிடைக்குமா என்று பிரான்ஸ் நாட்டு நூலகம் ஒன்று இணையத்தில் போட்டுவைத்திருக்கும் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன நகைச்சுவை நாடகம். பேரிக்காய் மரம் ஒன்று வேலி தாண்டிச் சாய்ந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள், ஒரு நீதிபதி, அவர் சமையல்காரர். நீதிபதி பேரிக்காயைக் கடிக்கிறார். சாறு தாடியில் வழிகிறது.

“அடப்பாவிகளா!” என்று கத்திவிட்டேன். ஆசிரியர் அறையில் எல்லாரும் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்த பொருளாதார மேடம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஆக, நாடகம் எங்கள் ஊருடையதே இல்லை. சரி, அதை எழுதிய பிரெஞ்சுக்காரராவது யார் என்று பார்த்தால் அங்கேயும் பேர் இல்லை. அந்த நாடகத்தையே பல வருஷமாக ஆராய்கிற ஒரு பேராசிரியரின் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. எழுதிக் கேட்டேன். மறுநாளே நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. சுருக்கம்: தெரியாது.

விரிவு: ஊர் ஊராகப் போய் நடித்த ஒரு நடிகர் எழுதினார் என்று ஒரு கட்சி. அந்த ஊர் வக்கீல் ஒருவர் பொழுதுபோகாமல் எழுதினார் என்று இன்னொரு கட்சி. ஒரு சாமியார் எழுதிவிட்டுப் பயந்து பேர் போடவில்லை என்று மூன்றாவதாகச் சிலர். ஒரு கட்சிக்காரர் புத்தகம் போட்டால் மற்ற கட்சிக்காரர் அதை அடிக்குறிப்பில் திட்டுவார். படிக்கப் படிக்க எனக்கு ஊர் ஞாபகமாகவே இருந்தது. அவர்களுக்கு முறை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலவீட்டு சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப எங்க தாத்தாவுக்குப் பிரெஞ்சு தெரிஞ்சிருக்கு.”

“ஆமாங்க சார். காரைக்கால் பிரெஞ்சுச் சாமியார்கிட்ட படிச்சிருப்பார்.”

“அப்ப பிரெஞ்சைப் பார்த்துத் தமிழ்ல எழுதினது எங்க தாத்தா.”

“கையெழுத்து அவருதுதான்.”

“உங்க தாத்தாவுக்குப் பிரெஞ்சு தெரியுமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சரியாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் தாத்தாவுக்குப் பிரெஞ்சு மட்டுமா தெரியாது? எங்கள் மனைக்கட்டுப் பத்திரத்தில் அவர் கைநாட்டுதான் இருக்கிறது. கட்டைவிரல் ரேகை. அதை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பத்திரத்தையும் நாடகத்தையும் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. படித்தவள் என்று சொல்லிக்கொள்கிறவள் செய்கிற வேலை இது. வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் நூலகத்தில் தேடியிருக்கிறேன்.

இரண்டு வாரம் ஊருக்கே போகவில்லை. அப்பா போன் செய்தால், “வேலை நடக்குதுப்பா,” என்பேன். வேலை முடிந்திருந்தது. அட்டையில் மேலவீட்டுப் பேர்தான் வரும். அட்டையில் வந்துவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து முறையும் போய்விடும், மாலையும் போய்விடும். எண்பது வயசு மனிதரிடம் இதை நான் போய்ச் சொல்ல வேண்டும். வேறு யாராவது எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அந்தப் பேர் தெரியாத பிரெஞ்சுக்காரர் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், பிரெஞ்சையும் தமிழையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். உபதேசியார் நேர்மையான மனிதர். பேரிக்காயை முருங்கைக்காய் ஆக்கியது தவிர எதையும் மாற்றவில்லை. அந்த ஊர் ஆள் தும்மினால் எங்கள் ஊர் ஆளும் தும்மினார். ஒரே ஒரு ஆள்தான் கூடுதல்.

தமிழில் ஒரு வேலையாள் வருகிறான். மேடையில், நாடகம் தொடங்கும்போதே மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கடைசி வரைக்கும் நிற்பான். யாரும் அவனை எதுவும் கேட்பதில்லை. முடிவில் நீதிபதி, “கடைசியாகக் கேட்கிறேன், இந்த மரம் யாருடையது?” என்று அதட்டுவார். அப்போது அவன் வாயைத் திறப்பான். “அது எனக்குத் தெரியாதுங்க. தண்ணி ஊத்துனது நாந்தாங்க.”

அவ்வளவுதான் அவன் வசனம். திருவிழாவில் கைதட்டல் வானத்தைப் பிளப்பது அந்த இடத்தில்தான். பிரெஞ்சில் அந்த ஆளும் இல்லை, அந்த வரியும் இல்லை.

பேராசிரியருக்கு உடனே எழுதினேன். அந்த வேலையாள் ஏன் நிற்கிறான், அவன் மௌனத்துக்கு என்ன பொருள், மரத்தை அவன் பற்றியிருப்பது எதைக் குறிக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம். இப்போது படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் குஷியாகிவிட்டார். இதைச் சேர்த்தது யார் என்று கேட்டிருந்தார். உபதேசியார் கையெழுத்தில் இருப்பதால் உபதேசியாராக இருக்கலாம் என்று எழுதிவிட்டு, மறுநாள் ஊருக்குப் போனேன். இனியும் தள்ளிப்போட முடியாது, சாமியார் அச்சகத்தில் சொல்லிவைத்துவிட்டார்.

அப்பா களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். தரை சுட்டது.

“அப்பா, நாடகத்தைத் தாத்தா எழுதலைப்பா.”

“தெரியும்,” என்றார். காலால் உளுந்தைக் கிளறிக்கொண்டே போனார்.

“என்ன தெரியும்?”

“அவருதான் கைநாட்டாச்சே. உனக்குத் தெரியாதா? பத்திரத்துல பார்த்திருக்கியே.”

“அப்புறம் எப்படிப்பா இத்தனை வருஷமா மாலை வாங்குனீங்க?”

நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேணத்தனமான கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். அவருக்கு அவர் அம்மா சொன்னது அது.

அந்தக் காலத்தில் பண்ணையாட்களை நாடகத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் மேடைக்கு மரம் வேண்டும். முருங்கைக் கிளையை வெட்டி நட்டால் நிற்காது, சாய்ந்துவிடும். யாராவது பின்னால் மறைந்து உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அது நடிப்பில் சேராது, வேலையில் சேரும். அதனால் தாத்தாவை உட்காரவைத்தார்கள். வருஷா வருஷம் அவர்தான் மரம் பிடித்தார். ஒரு வருஷம் நீதிபதி, “கடைசியாகக் கேட்கிறேன், இந்த மரம் யாருடையது?” என்று அதட்டியபோது, கிளைக்குப் பின்னாலிருந்து தாத்தா எழுந்து நின்று அதைச் சொல்லிவிட்டார்.

“ஏன் சொன்னாராம்?”

“யாருக்குத் தெரியும்? நெசமாவே அந்த வீட்டு முருங்கைக்கு அவருதான் தண்ணி ஊத்துனாரு. கேள்வி கேட்டாங்க, பதில் சொல்லிட்டாரு.”

ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. மேலவீட்டில் அன்று ராத்திரி என்ன நடக்குமோ என்று அப்பத்தா விளக்கை அணைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஆனால் அடுத்த வருஷம் ஜனங்கள் அந்த வசனத்தைக் கேட்டுச் சத்தம் போட்டார்கள். அதற்கடுத்த வருஷம், சொன்னவனுக்கு ஒரு மாலை போட்டால் என்ன என்றார்கள். மேலவீட்டில் குதித்தார்கள். சண்டை முறையில் வந்து முடிந்தது.

“‘இதை உங்க அப்பாவா எழுதினாரு?’ன்னு கேப்பாங்க. ஆமாம்பேன். எவ்வளவு எழுதினாருன்னு யாரும் கேக்கலையே,” என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. மரத்தைப் பற்றியிருப்பது எதைக் குறிக்கிறது என்று பிரான்ஸுக்கு இரண்டு பக்கம் எழுதியவள் நான். விட்டால் விழுந்துவிடும் என்பதைக் குறிக்கிறது.

“அட்டையில அவங்க தாத்தா பேரையே போடச் சொல்லு. ஒரு வரிக்கு அட்டை கேக்குறது நியாயமில்ல,” என்றார். சொல்லிவிட்டு மறுபடி உளுந்தைக் கிளறப் போனார். முதுகு என் பக்கம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேரே மேலவீட்டுக்குப் போனேன். நோட்டைக் கேட்டேன். என் போனில் விழாத ஓரங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். கடைசிப் பக்கத்தில் அந்த வரி, பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், இடுக்கி எழுதப்பட்டிருந்தது. அதற்கும் கீழே, நான் படம் எடுத்தபோது கட்டம் தாண்டி வெட்டுப்பட்டுப் போயிருந்த இடத்தில், பொடி எழுத்தில் என் தாத்தாவின் பேர். பேருக்குப் பக்கத்தில், ‘இவன் சொல்’ என்று இரண்டு வார்த்தை.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நோட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“எங்க தாத்தா கையெழுத்துதான்மா. மறைக்கலை பாரு, எழுதிதான் வச்சிருக்கார். நாங்கதான் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கலை.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அட்டையில எங்க பேரு வேண்டாம்னு சாமியார்கிட்ட சொல்லிடு. தாத்தா பிரெஞ்சைப் பார்த்துதானே எழுதியிருக்காரு,” என்றார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு முதல்முறையாக அவரை எனக்குப் பிடித்தது.

புத்தகம் திருவிழாவுக்கு வந்துவிட்டது. அட்டையில் நாடகத்தின் பேர் மட்டும். உள்ளே, பிரெஞ்சில் எழுதியவர் தெரியவில்லை, தமிழாக்கியவர் உபதேசியார் என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்த வரிக்கு நேர்கீழே, முழுப் பேராக, தகப்பன் பேரோடு, என் தாத்தா. ‘இவன் சொல்’ என்பதை ‘இவர் சொல்’ என்று நான் திருத்தவில்லை, அந்த இரண்டு வார்த்தையையும் எடுத்துவிட்டேன். பேரை மட்டும்தான் போட்டேன்.

நோட்டில் கண்டதைப் பேராசிரியருக்கும் எழுதியிருந்தேன். அவர் பதிலை முற்றத்தில் வைத்து அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இந்த நாடகத்தில் எந்த வரியை எந்த மனிதர் சொன்னார் என்று இத்தனை காலமாகத் தேடியும் ஒன்றுகூட நிரூபிக்க முடியவில்லை, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் சொந்தக்காரர் யார் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது உங்கள் தாத்தாவின் வரி ஒன்றுதான் என்று அவர் எழுதியிருந்தார்.

அப்பா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப மிச்சத்தை எழுதினவரு யாருன்னே தெரியலையா?”

“தெரியலப்பா.”

“அவருக்கும் புள்ளைங்க இருந்திருக்கும்ல?”

“இருந்திருக்கும்.”

“பாவம், அந்தப் புள்ளைங்க,” என்றார் அப்பா.